எஃப்5 அழுத்தினால் ஓடும் நீட்சி, பொதியாக்கி நிறுவினால் ஏன் ஓடுவதில்லை?

கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற, நிரல் எழுதும் எடிட்டருக்கு ஒரு நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதியிருக்கிறார். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அழைப்பிதழ்களை யூனிகோடுக்கு மாற்றுவதும், ஊர்ப் பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் அதன் வேலை. அவருடைய மடிக்கணினியில், நிரலை ஓட்டிப் பார்க்கும் எஃப்5 விசையை அழுத்தினால் பிழையில்லாமல் ஓடுகிறது. மற்றக் கணினிகளில் நிறுவ ஒரே கோப்பாகப் பொதியாக்கி பென் டிரைவில் கொண்டுபோனால், கடையில் இருக்கும் விண்டோஸ் 7 கணினி நிறுவவே மறுக்கிறது. மேலப்பாளையம் கிளையில் இருக்கும் விண்டோஸ் 10 கணினியில் நிறுவ முடிகிறது. கட்டளையைத் தேர்ந்தெடுத்ததும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. அம்பாசமுத்திரத்தில் நண்பரின் லினக்ஸ் கணினியிலும் அதே செய்திதான். போதாக்குறைக்கு, கடையின் பழைய கோப்புகளை மடிக்கணினியில் ஓட்டினாலும் தென்காசியும் நாங்குநேரியும் சரியாகத் திருந்துகின்றன, பாளையங்கோட்டையும் கோபாலசமுத்திரமும் திருந்துவதில்லை என்கிறார். நிரலில் எங்கே தவறு, அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நிரலை இப்போதைக்கு மூடி வையுங்கள். நீங்கள் அனுப்பிய கோப்புப் பட்டியலையும் அமைப்புக் கோப்புகளையும் பார்த்தேன். நான்கு தொல்லைகளுக்கும் ஒரே காரணம் இல்லை. மூன்றுக்குக் காரணம் பொதியிலும், எடிட்டர் நீட்சியை ஏற்றும் விதத்திலும் இருக்கிறது; ஊர்ப் பெயர்ச் சிக்கலுக்கும் பொதிக்கும் தொடர்பே இல்லை.

எஃப்5 அழுத்தும்போது நடப்பது என்ன என்று தெளிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அப்போது இரண்டாவது சாளரம் ஒன்று திறக்கிறது. அது உங்கள் வேலைக் கோப்புறையையே நேரடியாக நீட்சியாக எடுத்துக்கொள்கிறது. அங்கே எதுவும் பொதியாகக் கட்டப்படுவதில்லை, எதுவும் கழிக்கப்படுவதில்லை. வெளி நூலகங்கள் இருக்கும் நோட்-மாட்யூல்ஸ் கோப்புறையில் நீங்கள் சோதனைக்காக இறக்கி வைத்தவை உட்பட எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொதியாக்கும்போது நடப்பது முற்றிலும் வேறு. விஎஸ்சிஇ என்ற கருவி உங்கள் கோப்புறையைப் பார்த்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று விதிகளின்படி முடிவு செய்து, எடுத்ததை மட்டும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டுகிறது. அந்தப் பொதிக் கோப்புக்கு விஎஸ்ஐஎக்ஸ் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் ஜிப்தான். ஆகவே எஃப்5 சோதனை உங்கள் நிரலுக்கான சோதனை. பொதிக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

விஎஸ்ஐஎக்ஸ் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். வெளியே இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளும், 'எக்ஸ்டென்ஷன்' என்ற ஒரு கோப்புறையும் இருக்கும். மற்றக் கணினிகளுக்குப் போய்ச் சேர்வது அந்தக் கோப்புறைக்குள் இருப்பது மட்டுமே. அதற்குள் 'தரவு' என்ற கோப்புறையைத் தேடுங்கள். வானவில், பாமினி ஆகிய பழைய எழுத்துருக்களுக்கான எழுத்து மாற்று அட்டவணைகள் அங்கே இருக்க வேண்டும். இருக்காது.

ஏன் இல்லை என்பதற்கு விடை, நீங்கள் அனுப்பிய, பொதியில் சேர்க்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் விஎஸ்கோட்-இக்னோர் கோப்பிலேயே இருக்கிறது. நீட்சிக்கான வார்ப்புருவை உருவாக்கியபோது அந்தக் கோப்பு தானாகவே வந்தது. நீங்கள் அதைத் தொடவில்லை. அதில் கீழிருந்து சில வரிகள் மேலே '**/*.மேப்' என்று ஒரு வரி இருக்கிறது. எந்தக் கோப்புறையில் இருந்தாலும் சரி, மேப் என்று முடியும் கோப்பைப் பொதியில் சேர்க்காதே என்பது அதன் பொருள். நீட்சி எழுதப் பயன்படும் டைப்ஸ்கிரிப்ட் மொழியின் மொழிமாற்றி, பிழைதிருத்தத்துக்காக உருவாக்கும் மூல வரைபடக் கோப்புகளை நீக்குவதற்காக வைத்த வரி அது. நீங்களோ எழுத்து மாற்று அட்டவணைகளுக்கு 'வானவில்.மேப்', 'பாமினி.மேப்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அட்டவணைக்கு மேப் என்று பெயரிடுவது இயல்பானதுதான். கருவி அதைத் தன் விதிப்படி சத்தமில்லாமல் கழித்துவிட்டது.

அந்தச் சத்தமின்மையையும் கவனியுங்கள். நீட்சி ஓடத் தொடங்கும் கோப்பு பொதியில் இல்லையென்றால், இப்போதைய விஎஸ்சிஇ பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் உங்கள் நிரல் ஓடும்போது எந்தத் தரவுக் கோப்பைத் திறந்து படிக்கப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி எச்சரிக்கவும் அதனால் முடியாது. அட்டவணைகளின் பெயரை, தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவமான ஜேசன் என்று முடியும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே இருப்பதும் ஜேசன்தானே. ஆச்சரியக்குறியோடு ஒரு விதிவிலக்கு வரி எழுதியும் தப்பிக்கலாம். ஆனால் அடுத்து இந்த நிரலைத் தொடுகிறவர் மேப் என்ற பெயரைப் பார்த்து மறுபடியும் குழம்புவார். பெயரை மாற்றுவதே நல்லது. மாற்றும்போது நோட்பேடில் திறந்து சேமிக்காதீர்கள். பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்கும். அது இருந்தால் ஜேசன் படிப்பான் முதல் எழுத்திலேயே பிழை சொல்லும்.

இதே வகையில் இன்னொன்றும், நீட்சியின் விவரங்களைச் சொல்லும் உங்கள் பேக்கேஜ்-ஜேசன் கோப்பில் இருக்கிறது. ஊர்ப் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து படிக்க ஒரு நூலகத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். அது, நிரல் எழுதும்போது மட்டும் தேவைப்படுபவற்றுக்கான டெவ்-டிபென்டென்சிஸ் பகுதியில் கிடக்கிறது. விஎஸ்சிஇ நூலகங்களைத் திரட்டும்போது, ஓடும்போது தேவைப்படுபவற்றுக்கான டிபென்டென்சிஸ் பகுதியில் உள்ளவற்றையும் அவை சார்ந்திருப்பவற்றையும் மட்டுமே எடுக்கும், மற்றதை விட்டுவிடும். உங்கள் மடிக்கணினியில் அந்த நூலகம் நோட்-மாட்யூல்ஸ் கோப்புறையில் இருக்கிறது, எஃப்5 அதைக் கண்டுபிடித்துவிடும். மேலப்பாளையத்தில் அது இல்லை. அட்டவணையைச் சேர்த்த பிறகும் 'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்ற பிழை வந்திருக்கும் என்பதால் இதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். என்னைக் கேட்டால், எக்செல் நூலகத்தை நீட்சியில் வைக்கவே வேண்டாம். பட்டியலை ஒருமுறை உங்கள் கணினியிலேயே ஜேசனாக மாற்றி அந்தக் கோப்பை மட்டும் பொதியில் வையுங்கள். ஊர்ப் பெயர்கள் தினமும் மாறப் போவதில்லை.

ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. முனையத்தில் 'விஎஸ்சிஇ எல்எஸ்' என்று கொடுத்தால், பொதிக்குள் போகப்போகும் கோப்புகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பொதியாக்குவதற்கு முன் அதைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது மேலப்பாளையத்துக் கணினி. கட்டளை, எடிட்டரின் கட்டளைப் பட்டியலான கமாண்ட் பேலட்டில் தெரிகிறது, அழுத்தினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது, இது என்ன முரண்பாடு என்று கேட்டிருந்தீர்கள். முரண்பாடு இல்லை. பேலட்டில் தெரியும் பெயர் பேக்கேஜ்-ஜேசன் கோப்பிலிருந்து வருவது. அதற்கு உங்கள் நிரலில் ஒரு வரிகூட ஓட வேண்டியதில்லை. கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பதால் உள்ளே ஆள் இருக்கிறது என்று ஆகிவிடாது. கட்டளைக்கு உயிர் வருவது, நீட்சி எழும்போது முதலில் ஓடும் ஆக்டிவேட் செயற்கூறு ஓடி, அதற்குள் நீங்கள் கட்டளையைப் பதிவு செய்யும்போதுதான். உங்கள் ஆக்டிவேட் முதல் வேலையாக அட்டவணைக் கோப்பைத் திறக்கிறது. கோப்பு இல்லை, பிழை எழுகிறது, செயற்கூறு அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டளையைப் பதிவு செய்யும் வரி அதற்குக் கீழே இருப்பதால் அது ஓடவே இல்லை. பயனர் கண்ணில் படுவது கடைசி விளைவு மட்டும். உண்மையான பிழை அவுட்புட் பலகத்தில் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற பதிவில் இருக்கும். பேலட்டில் 'டெவலப்பர்: ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று கொடுத்தால் எந்த நீட்சி உயிர்பெற்றது, எது பிழையில் நின்றது என்பதும் தெரியும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' செய்தியை வைத்துக்கொண்டு யோசிப்பதை விட்டுவிட்டு முதலில் அந்தப் பதிவைத் திறந்திருந்தால், எந்தக் கோப்பு இல்லை என்பதை முழுப் பாதையோடு அது சொல்லியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு ஆக்டிவேட் செயற்கூற்றைக் கட்டாயம் மாற்றி எழுதுங்கள். முதல் வரியில் கட்டளையைப் பதிவு செய்யுங்கள். அட்டவணையைப் படிப்பதைக் கட்டளை ஓடும்போது வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு கிடைக்காவிட்டால் 'அட்டவணைக் கோப்பு இல்லை' என்று, தேடிய பாதையோடு தமிழில் ஒரு செய்தி காட்டுங்கள். உங்கள் நீட்சியைப் பயன்படுத்தப் போகிறவர்கள் நிரலர்கள் அல்லர். முகூர்த்த நாள் நெருங்க, வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு மெய்ப்புத் திருத்துகிறவர்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு புதிரை நீட்டுவது நியாயமில்லை. பாதையைக் கணக்கிடும்போதும் கவனம் வேண்டும். 'தரவு' என்று வெறும் சார்புப் பாதை கொடுத்தால் எடிட்டர் எங்கிருந்து தொடங்கப்பட்டதோ அந்த இடத்திலிருந்து தேடும். ஆக்டிவேட் செயற்கூற்றுக்கு வரும் கான்டெக்ஸ்ட் பொருளில் நீட்சி நிறுவப்பட்ட இடம் இருக்கிறது. அதிலிருந்துதான் பாதையைக் கட்ட வேண்டும்.

அம்பாசமுத்திரத்து லினக்ஸ் கணினியிலும் நடந்தது இதுவே. ஆனால் அங்கே மேலும் ஒரு தடங்கல் காத்திருக்கிறது. ஊர்ப் பட்டியல் கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. நிரல் அதைச் சிறிய எழுத்தில் கேட்கிறது. விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது.

கடையின் விண்டோஸ் 7 கணினிக்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் பழைய விசைப்பலகை மென்பொருளும் அதில்தான் ஓடுகின்றன என்பதால் அதை மாற்ற முடியாது என்கிறீர்கள். நெல்லைப் பக்கத்து அச்சகங்களில் இது சாதாரணமாகக் காணும் நிலைதான். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி விஷுவல் ஸ்டுடியோ கோட், 2022 ஜூலையின் 1.70 பதிப்பு. உங்கள் பேக்கேஜ்-ஜேசன் கோப்பில் எடிட்டரின் எந்தப் பதிப்பு தேவை என்று சொல்லும் என்ஜின்ஸ் பகுதியில் அதைவிடப் புதிய பதிப்பு எழுதியிருக்கிறது. அதனால்தான் நிறுவ மறுக்கிறது. அது சரியான மறுப்பு.

அந்த எண்ணை 1.70 என்று குறைத்தால் அடுத்து பொதியாக்கமே நிற்கும். எடிட்டர் நீட்சிகளுக்குத் தரும் வசதிகளை (ஏபிஐ) மொழிமாற்றிக்கு விவரிக்கும் டைப்ஸ் தொகுப்பின் பதிப்பு, என்ஜின்ஸ் பதிப்பைவிடப் புதிதாக இருக்கக் கூடாது என்று விஎஸ்சிஇ பிடிவாதம் பிடிக்கும். டைப்ஸ் தொகுப்பையும் 1.70க்கு இறக்குங்கள். அந்தத் தொகுப்பின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் கூரைக் குறியை (^) எடுத்துவிட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள். குறி இருந்தால் தொகுப்புகளை இறக்கும் கருவியான என்பிஎம் புதிய பதிப்பையே இறக்கிவிடும், பழைய எடிட்டரில் இல்லாத வசதியை நீங்கள் பயன்படுத்தினாலும் மொழிமாற்றி தடுக்காது.

அதன்பிறகு நிறுவ முடியும். ஆனால் மறுபடியும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வரும். காரணம் மட்டும் வேறு. 2022 நவம்பரின் 1.74 பதிப்பிலிருந்து, பேக்கேஜ்-ஜேசன் கோப்பில் கட்டளையை அறிவித்தாலே போதும். அதை அழைக்கும்போது எடிட்டர் நீட்சியை எழுப்பிக்கொள்ளும். அதனால்தான், நீட்சியை எப்போது எழுப்புவது என்று சொல்லும் ஆக்டிவேஷன்-ஈவன்ட்ஸ் பட்டியல் வார்ப்புருவில் காலியாக வருகிறது. 1.70க்கு அந்த அறிவு கிடையாது. காலிப் பட்டியலைப் பார்த்து, இந்த நீட்சியை எழுப்ப எந்தக் காரணமும் இல்லை என்று விட்டுவிடும். பிழைப் பதிவிலும் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் பிழை எதுவும் நடக்கவில்லை. ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் உங்கள் நீட்சி இடம்பெறாமல் இருப்பது ஒன்றே தடயம். ஆக்டிவேஷன்-ஈவன்ட்ஸ் பட்டியலில் 'ஆன்கமாண்ட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, கட்டளையின் அடையாளப் பெயரை அப்படியே சேருங்கள். புதிய எடிட்டர்களில் அந்த வரி எந்தத் தீங்கும் செய்யாது. 1.70 எடிட்டருக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது நோட் என்ற மென்பொருளின் 16ஆம் பதிப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்; பின்னால் வந்த ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகள் அங்கே கிடைக்காது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் பென் டிரைவ் வழியாகவே பயன்படுத்தும்படி கடை உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

ஊருக்கு ஊர் அலையாமல் இதையெல்லாம் உங்கள் மடிக்கணினியிலேயே சோதித்துக்கொள்ளலாம். எடிட்டரை முனையத்திலிருந்து தொடங்கும்போது எக்ஸ்டென்ஷன்ஸ்-டிர், யூசர்-டேட்டா-டிர் என்ற இரண்டு தேர்வுகளுக்கும் காலியான கோப்புறைகளைக் கொடுங்கள். எதுவும் நிறுவாத புதிய எடிட்டர் திறக்கும். விஎஸ்ஐஎக்ஸ் கோப்பை அதில் நிறுவி, உங்கள் நிரல் இருக்கும் கோப்புறையைத் திறக்காமல், வேறொரு கோப்புறையில் ஓர் அழைப்பிதழைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பொதிக்கும் பதிப்பு எண்ணை ஏற்றுங்கள். ஒரே எண்ணில் பல பொதிகள் உலவினால், எந்தக் கணினியில் எது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி ஊர்ப் பெயர்கள். நீங்களே தட்டச்சு செய்து பார்த்தபோது பாளையங்கோட்டை திருந்தியது, கடைக் கோப்புகளில் திருந்தவில்லை என்பதால் இதையும் மற்றத் தொல்லைகளோடு சேர்த்துவிட்டீர்கள். இரண்டு முறையும் வேறாக இருந்தது உள்ளீடு. முதலில் நீங்கள் யூனிகோடு விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சு செய்து சோதித்தீர்கள். கடைக் கோப்புகளில் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை வந்தது. திருந்தாத பெயர்களைப் பாருங்கள்: பாளையங்கோட்டை, கோபாலசமுத்திரம், கொக்கிரகுளம். எல்லாவற்றிலும் கொ அல்லது கோ இருக்கிறது.

யூனிகோடில் கோ என்பதை இரண்டு வகையாக எழுத முடியும். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஏகாரத்தின் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டிருக்கும். உங்கள் மாற்றி கொம்பை மட்டும் ககரத்துக்குப் பின்னால் நகர்த்துகிறது. கொம்பையும் காலையும் ஒரே குறியாக இணைப்பதில்லை. பாளையங்கோட்டை என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டுப் பாருங்கள். விசைப்பலகையில் அடித்ததற்கு 13 என்று வரும், மாற்றியிலிருந்து வந்ததற்கு 14 என்று வரும். 13 குறிகள் உள்ள சொல்லும் 14 குறிகள் உள்ள சொல்லும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் நிரல் சொல்லும். தென்காசியிலும் நாங்குநேரியிலும் இப்படிப்பட்ட குறி இல்லை, அதனால் அவை தப்பின.

யூனிகோடு விதிப்படி இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி வடிவத்துக்கு அழைத்தால் இரண்டும் ஒற்றைக் குறிக்கு வந்துவிடும். மாற்றி வெளியிடும் உரை, ஊர்ப் பட்டியல் இரண்டையும் அதன் வழியாக அனுப்பிய பிறகே ஒப்பிடுங்கள்.

நார்மலைஸ் தீர்க்காதவையும் இரண்டு உண்டு. அழைப்பிதழில் இரண்டுமே அடிக்கடி வரும். மணமகள் பெயருக்கு முன்னால் வரும் சௌபாக்கியவதியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரமே பயன்பட்டது. ஆகவே மாற்றியிலிருந்து கொம்பும் ளகரமுமாக 'செளபாக்கியவதி' என்று வரும். யூனிகோடுக்கு அது வேறு சொல்தான், நார்மலைஸ் அதைத் தொடாது. கொம்பைத் தொடர்ந்து ளகரம் வந்தாலே ஔகாரமாக மாற்று என்றும் எழுதிவிடாதீர்கள்; வெள்ளிக்கிழமையும் தெளிவும் கெட்டுவிடும். ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடுங்கள். வெறும் ளகரமாக இருந்தால் மட்டும் அடிக்கோடிட்டுக் காட்டி, மாற்றலாமா என்று தட்டச்சு செய்பவரிடம் கேளுங்கள். பெயர்கள் இருக்கும் இடம் என்பதால் தானாக மாற்றுவது ஆபத்து.

அடுத்தது, 'ஸ்ரீ நெல்லையப்பர் ஸ்ரீ காந்திமதி அம்மன் துணை' என்று அழைப்பிதழின் தலையில் வரும் ஸ்ரீ. ஸகரத்தில் தொடங்கி எழுதும் வடிவம் ஒன்று, பிற்பாடு யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவம் இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஆனால் நார்மலைஸ் இவற்றை ஒன்றாக்காது. நடைமுறையில் பெரும்பாலோர் தட்டச்சு செய்வது ஸகர வடிவத்தைத்தான். அதையே உங்கள் நீட்சியின் வடிவமாக வைத்துக்கொண்டு, உள்ளே வரும் மற்றதை அதற்கு மாற்றிவிடுங்கள். கடையில் ஏற்கெனவே மாற்றி வைத்த கோப்புகளில் பெயர் தேடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் தேட வேண்டியிருக்கும்.